மூன்றாம் லெவல் பூதம்

"யாருடி அது, என் எல்லைக்குள்ள?" என்று கர்ஜித்தபடி அம்மையப்பன் அரிவாளை ஓங்கினார். சந்தியா இரண்டடி பின்வாங்கினாள்.

அரிவாள் பிளாஸ்டிக்தான். இடமும் கோயில் இல்லை, துபாயில் வீடியோ கேம் தயாரிக்கும் ஒரு ஸ்டுடியோ. அம்மையப்பன் உடம்பெங்கும் வெள்ளை உருண்டைகளை ஒட்டியிருந்தார்கள். சுற்றிலும் உள்ள கேமராக்கள் அவற்றைப் படம் பிடிக்கும். இங்கே அவர் ஆடினால் கம்ப்யூட்டருக்குள் பூதம் ஆடும்.

ஊர் ஊராக உள்ள சாமிகளையெல்லாம் அரக்கனாக்கிச் சுட்டுத் தள்ளினால்தான் இந்தக் காலத்தில் பொழுது போகிறது. இந்த ஸ்டுடியோவின் புது கேமில் முதல் லெவலுக்குக் கிரேக்கத்து மாட்டுத்தலையன், இரண்டாவதற்கு அரபு நாட்டு ஜின். மூன்றாவதற்கு யாரும் பார்க்காத ஏதாவது வேண்டும் என்று டைரக்டர் கேட்டதும், டிசைனரான சந்தியா தன் குலதெய்வம் முனியப்பனையே வரைந்து கொடுத்துவிட்டாள். அதே மீசை, அதே அரிவாள். கோரைப்பல் மட்டும் அவள் சேர்த்தது.

படம் ஓகே ஆன வாரத்தில்தான் அவள் கணவன் முகிலனின் கார் ஷார்ஜா ரோட்டில் ஒரு டிரெய்லரின் பின்னால் போய் மோதியது. அன்றிலிருந்து அவன் கண் திறக்கவில்லை. சாமியைப் பூதமாக்கியதற்குத் தண்டனையோ என்ற நினைப்பு அவளை அரித்துக்கொண்டே இருந்தது. அவள் படித்த படிப்பெல்லாம் ஐ.சி.யூ. வாசலில் உதவிக்கு வரவில்லை.

இன்று காலை டாக்டர் ஹிஃப்ஸா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "மூளையில ரத்தம் கட்டியிருக்கும்மா. ஆபரேஷன் பண்ணினாலும் ஆபத்து, பண்ணாம விட்டாலும் ஆபத்து. என்னைக் கேட்டா பண்ணிடலாம்னுதான் சொல்வேன். ஆனா கையெழுத்து நீங்கதான் போடணும். மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க."

யாரைக் கேட்பது? ஊரில் மாமனார் "நீயே பாத்துச் செய்யும்மா" என்று போனில் அழுகிறார். ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடலாம் என்று லீவு கேட்டால் ஸ்டுடியோவில் கையை விரிக்கிறார்கள். அம்மையப்பனோடு தமிழ் பேச அவளை விட்டால் ஆள் இல்லை. ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் அந்தப் பரம்பரைச் சாமியாடியைக் கம்பெனிக்காரர்கள் இந்த ஒரு நாளைக்குத்தான் விட்டிருந்தார்கள்.

முதல் தடவை ஆடச் சொன்னபோது அம்மையப்பன் கூச்சத்தில் நெளிந்தார். "ஊர்ல பங்குனிப் பொங்கலுக்கு எம்மேலதான் சாமி எறங்கும் மேடம். ஆனா அங்க உறுமி இருக்கும், கூட்டம் இருக்கும், குறி கேக்க ஆள் வரும். இங்க சுவத்தப் பாத்து எப்பிடி ஆடுறது?"

சந்தியா அதை லெபனான்காரரான டைரக்டரிடம் சொன்னாள். "ஒரு பெண் வந்து அழுது குறி கேட்பதுதானே சீன்? நீயே போய் எதிரில் நின்று கேளேன்" என்றார் அவர். அவளும் அதை அம்மையப்பனுக்குச் சொல்லிவிட்டுப் போய் நின்றாள். "யல்லா, ஆரம்பிக்கலாம்!" என்று டைரக்டரின் குரல் வந்தது.

அதன் பிறகுதான் இந்த ஆட்டம். கண் செருகி, நாக்கைத் துருத்தி, உடம்பெல்லாம் வெடவெடக்க ஆடினார். கேமராவுக்கு எல்லையாகத் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப்பைத் தாண்டாமல் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டுடியோவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது.

சந்தியாவுக்குச் சீன், கேமரா எல்லாம் மறந்துபோனது. தடாலென்று அவர் காலில் விழுந்தாள்.

"அப்பா முனியப்பா! புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டேன், என்னை மன்னிச்சிரு. அவரு பிழைப்பாராப்பா?"

"எம் புள்ளைய நான் கைவிடுவேனாடி?"

"தலையில கத்தி வைக்கணும்கிறாங்க. வைக்கட்டுமா, வேணாமா? நீதான் சொல்லணும். எனக்கு வேற நாதியில்லப்பா!"

அம்மையப்பன் சட்டென்று அசையாமல் நின்றார். பிறகு அரிவாளை அவள் தலைக்கு மேல் நீட்டினார்.

"வைக்காத! அவன் மேல இரும்பு படக்கூடாது. வார வெள்ளிக்கெழமைக்குள்ள தானா எந்திரிச்சு வருவான். நான் காவல் இருக்கேன். போடி!"

சந்தியா தேம்பித் தேம்பி அழுதாள். டைரக்டர் கை தட்டியது அவள் காதில் விழவே இல்லை. எழுந்து ஹாலின் மூலைக்கு ஓடிப்போய் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், ஆபரேஷன் வேண்டாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா சந்தியா? தியேட்டருக்கு இன்னொரு பேஷன்ட் காத்திருக்காங்க. அவங்களை உள்ளே எடுத்துட்டா, அப்புறம் நீங்க சரின்னு சொன்னாலும் நேரம் கடந்துடும்."

"அவங்களையே எடுத்துக்குங்க டாக்டர். இவர் தானா எழுந்து வந்துடுவார்."

போனை வைத்தபோது அவள் மனசு லேசாகியிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அம்மையப்பன் சட்டையிலிருந்த வெள்ளை உருண்டைகளைப் பிய்த்து மேஜையில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தாள்.

அவர் பதறிப்போய் விலகினார். வெட்கமும் சந்தோஷமுமாகச் சிரித்தபடி சொன்னார்:

"நீங்களும் நல்லாவே நடிச்சீங்க மேடம்!"