திகதி அழித்த முட்டைகள்

வாங்கிய நாலு முட்டைகளையும் மதகுக் கட்டில் வைத்து, அவற்றில் குத்தியிருந்த எழுத்தைத் தேசிக்காய்ப் பாதியின் புளிச்சாற்றால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தார் அப்புத்துரை. அவற்றை விற்ற ஜெமீல் தன் கடை வாசலில் நின்று கண்டுவிட்டான்.

பண்ணையின் பெயரும் திகதியும் போய்விட்டால், ஊர்க்கோழி முட்டை என்று சொல்லி இரட்டை விலைக்கு விற்கலாம்.

ஜெமீலுக்குச் சலித்துப்போனது. இருபது வருசம் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு, முல்லைத்தீவுக்குத் திரும்பி வந்து போட்ட கடை. கூட்டில் அடைத்த கோழியின் முட்டை ஒரு தட்டில், வளவில் மேய்ந்த கோழியின் முட்டை இன்னொரு தட்டில். இரண்டுக்கும் தனித்தனியே மட்டையில் எழுதி வைத்திருந்தான். ஜெமீல் எழுதினால் நம்பலாம் என்று சனம் சொல்வதற்குப் பத்து வருசம் பிடித்தது. இந்த ஏமாற்று வெளியே தெரிந்தால் யாருடைய பெயர் கெடும்?

அடுத்த நாள் அப்புத்துரை வந்ததும் மறைக்காமல் கேட்டான்.

"அண்ணை, உங்கட வளவில எட்டுக் கோழி நிக்குது. பிறகேன் என்னட்டை வாங்கி எழுத்தை அழிக்கிறியள்? ஆருக்கு விக்கிறியள்?"

அப்புத்துரை தலையாட்டி மறுத்தார்.

"விக்கேல்லைத் தம்பி. கோழியள் கிழண்டிப்போச்சு. மூண்டு மாசமா ஒண்டும் இடுறேல்லை."

பிறகு மெதுவாகச் சொன்னார். மனைவி கமலேஸ்வரிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. நடக்கவேணும் என்று டொக்டர் சொல்லியும் அவா கட்டிலை விட்டு எழும்புவதில்லை. முட்டை பொறுக்க மட்டும் பொல்லை ஊன்றிக்கொண்டு கோழிக்கூடு வரை போய் வருவா.

"முட்டை இல்லையெண்டால் அந்த நடையும் நிண்டிடும். அதுதான் விடிய முந்திக் கொண்டுபோய் வைக்கிறனான்."

ஜெமீல் தலையைக் குனிந்துகொண்டான். அன்று தொடங்கி அவருக்கென்று எழுத்துக் குத்தாத முட்டையாகப் பார்த்துப் பொறுக்கி வைத்தான்.

ஒரு கிழமை கழித்து அரிசி மூட்டை இறக்க அவர்கள் வீட்டுக்குப் போனான். அப்புத்துரை கிணற்றடியில் நின்றார். பொல்லை ஊன்றி வந்த கமலேஸ்வரி, கணவன் நிற்கும் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, இனி அவருக்குச் சிவத்த முட்டையாக் குடுங்கோ. எங்கட கோழியள் ஒருநாளும் வெள்ளை முட்டை இட்டதில்லை. அந்த மனுசன் முந்திக் கோழிக்கூட்டுப் பக்கம் எட்டியும் பாத்ததில்லை, அதாலை தெரியாது."

"அப்ப உங்களுக்கு எல்லாம் தெரியுமோ அக்கா?"

"முதல் நாளே தெரியும். கால் நோகுதுதான். ஆனா நான் எழும்பி நடக்காட்டி, அந்த மனுசன் கவலையில படுத்திடும்."