எமில் அண்ணை பிரித்த குண்டுகள்

நல்ல குண்டுகளையெல்லாம் எமில் அண்ணை தன்னுடைய நீலப் பேணிக்குள்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

கிளமென்ற் கொஞ்சம் எட்டிப் பார்த்தான். சந்தேகமே இல்லை. பூதக்கண்ணாடிக்குக் கீழே உருட்டிப் பார்த்து, குட்டித் தராசில் நிறுத்து, வழவழவென்று இருந்த ஈயக்குண்டெல்லாம் நீலத் தகரப் பேணிக்குள் போனது. சுருக்கம் விழுந்தது, அடிப்பக்கம் சரியாக நிரம்பாதது, நிறை குறைந்தது எல்லாம் கிளமென்ற் கொண்டுவந்த பிஸ்கட் பேணிக்குள்.

"அண்ணை, இது கொஞ்சம் சுருங்கிக் கிடக்கெல்லோ?"

"ஓம். அதாலதானே அங்கால போடுறன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார் பாருங்கள்!

இருவரும் சுவிட்சர்லாந்தின் துன் நகரில், ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் குசினியில் ஒன்றாக வேலை செய்பவர்கள். சுவிஸ் குடியுரிமை கிடைத்த பிறகு துப்பாக்கி சுடும் சங்கத்திலும் ஒன்றாகவே சேர்ந்தார்கள். அங்கே வருடத்துக்கு ஒருமுறை, உள்ளங்கைக்குள் அடங்குகிற பழைய பொக்கெற் பிஸ்டலுக்கென்று தனிப் போட்டி உண்டு. அதற்கு வேண்டிய ஈயத்தைத் தேடிப் பிடிப்பது கிளமென்ற். அதை உருக்கிக் குண்டாக வார்த்து, பழைய பித்தளைத் தோட்டாக் கோதுகளில் அழுத்திச் சுடுகிற ரவையாக்குவது எமில் அண்ணை.

நூற்றுக்கு எண்பத்தைந்து எடுத்தால் 'கிரான்ஸ்' என்று ஒரு சின்னப் பதக்கம் கொடுப்பார்கள். எமில் அண்ணை வீட்டு அலுமாரியில் அது நான்கு இருக்கிறது.

கிளமென்ற்றுக்கு ஒன்றும் இல்லை. முந்தின வருடம் எண்பத்துமூன்று. போன வருடம் எண்பத்துநான்கு! ஒரேயொரு புள்ளி. "இந்தமுறை சட்டையில குத்திக்கொண்டுதான் வருவன்" என்று மகள் லாராவிடமும் குசினி முழுவதற்கும் சொல்லிவிட்டான். வெறுங்கையோடு போனால் திங்கட்கிழமை வெங்காயம் உரிக்கிறவன்கூடச் சிரிப்பான்.

நாலு வாங்கிய மனுசனுக்கு இன்னும் ஆசை அடங்கவில்லையே என்று கிளமென்ற்றுக்கு வயிறு எரிந்தது. ஈயத்துக்கு அலைகிறது நான், நல்ல குண்டு அவருக்கா?

கடைசிக் குண்டையும் பிரித்து முடித்து எமில் அண்ணை முதுகை நிமிர்த்தினார்.

"நான் மேல போய்க் கோப்பி ஊத்திக்கொண்டு வாறன். நீ இரு."

அவருடைய காலடி கெல்லர்ப் படிகளில் ஏறி மறைந்தது. அவர் வீட்டு நிலவறையில் இப்போது கிளமென்ற்றும் இரண்டு பேணிகளும் மட்டும்தான்.

தொப்பியைக் கழற்றினான். நீலப் பேணியில் இருந்ததைத் தொப்பிக்குள் கொட்டினான். பிஸ்கட் பேணியில் இருந்ததை நீலத்துக்குள். தொப்பியில் இருந்ததை பிஸ்கட் பேணிக்குள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. இது களவில்லை, நியாயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

எமில் அண்ணை கோப்பியோடு வந்தார். உள்ளே பார்க்காமலே இரண்டு பேணிகளையும் மூடினார்.

"திரும்ப ஒருக்காப் பார்க்கேல்லையோ, அண்ணை?" கிளமென்ற் தொப்பியைத் தலையில் சரிசெய்தபடி கேட்டான்.

"ஒருக்காப் பிரிச்சாப் பிரிச்சதுதான். கண் நோகுது. வெள்ளிக்கிழமைக்குள்ள ரவையாக்கி வைக்கிறன்."

கோப்பி நன்றாக இருந்தது. கிளமென்ற் இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்தான்.

சனிக்கிழமை காலை, சங்கத்தில், ஒரேமாதிரி இரண்டு வெள்ளைப் பெட்டிகளில் ஒன்றை எமில் அண்ணை நீட்டினார்.

"இந்தா, இது உன்ர. நிதானமாச் சுடு."

கிளமென்ற் அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான். கொஞ்சம் குற்ற உணர்வு இருந்தது. ஆனால் கிரான்ஸை நினைத்ததும் அது பறந்துவிட்டது.

முதல் சூடு இடப்பக்கம் போனது. இரண்டாவது கீழே. மூன்றாவது எங்கே போனதென்று அவனுக்கே தெரியாது. பிஸ்டலை நொந்தான், கையை நொந்தான், ஏரிப்பக்கமிருந்து வந்த காற்றையும் நொந்தான்.

எழுபத்தொன்பது.

அடுத்து எமில் அண்ணை சுட்டார். பலகையில் இலக்கம் விழுந்ததும் சங்கமே கை தட்டியது. தொண்ணூற்றிரண்டு! இத்தனை வருடத்தில் அவர் எடுத்ததிலேயே அதுதான் ஆகக் கூடியது.

ஐந்தாவது பதக்கத்தைக் கையில் பொத்திக்கொண்டு, இரண்டு தட்டுகளில் பொரித்த சொசேஜோடு அவர் கிளமென்ற் உட்கார்ந்திருந்த மர வாங்குக்கு வந்தார். முகத்தில் சின்னப்பிள்ளைச் சந்தோஷம். கிளமென்ற்றின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

"கோவிக்காதை, தம்பி. எனக்கே ஒண்டும் விளங்கேல்லை."

"என்ன அண்ணை விளங்கேல்லை?"

"உனக்கு இந்தமுறை எப்பிடியும் கிடைக்கவேணுமெண்டு நல்ல குண்டையெல்லாம் என்ர நீலப் பேணியில பத்திரமாச் சேர்த்து, உனக்குத்தான் ரவை போட்டனான். பிஸ்கட் பேணியில கிடந்த சுருங்கல், அரைகுறை முழுக்க எனக்கு. பார், அதால தொண்ணூற்றிரண்டு!"

கிளமென்ற் கடித்த சொசேஜைத் தட்டிலேயே திருப்பி வைத்தான்.

எமில் அண்ணை அவன் தோளில் தட்டினார்.

"கவலைப்படாதை. அடுத்த வருசம் அந்தச் சுருங்கினதுகளை முழுக்க உனக்கே தாறன்."