எட்டாவது முறை

“இந்த ஆளை எனக்கு முன்னாடியே தெரியும், மேடம்” என்றான் போலீஸ்காரன் கைல்.

ஒடெசா பேனாவைக் கீழே வைத்தாள். போலீஸ்காரர்கள் யாரையாவது சுட்டுக் கொன்றால் விசாரிப்பதற்கென்று நகரசபை வைத்திருக்கும் அலுவலகத்தில் அவளுக்கு இது ஒன்பதாவது வருடம். பயந்துவிட்டேன் என்பார்கள். கை இடுப்புக்குப் போனது என்பார்கள். தெரியும் என்று யாரும் சொன்னதில்லை.

“எங்கே பார்த்தீங்க?”

“இடம் ஞாபகம் வரலை. முகம் தெரியும். அந்தப் பழுப்புக் கோட்டு தெரியும். பஸ் ஸ்டாப்புல பார்த்ததுமே கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு.”

“அலான்சோ பீவிக்கு ஐம்பத்தெட்டு வயசு. பள்ளிக்கூடத்துல தரை துடைக்கிறவர். மத்தியானம் மூணு மணிக்கு பஸ்ஸுக்கு நின்னுட்டிருந்தார். நீங்க பேர் கேட்டீங்க. கோட்டுக்குள்ள கைவிட்டு அவர் எடுத்தது பஸ் பாஸ். நீங்க சுட்டுட்டீங்க.”

“இந்தத் தடவை பஸ் பாஸ்.”

பக்கத்தில் இருந்த போலீஸ் சங்கத்து வக்கீல் ஸ்டாஸ்னி தலையை நிமிர்த்தினார்.

“முன்னாடி?” என்றாள் ஒடெசா.

“துப்பாக்கி. எப்பவும் துப்பாக்கிதான்.” கைல் வலது கையை உயர்த்தி, சட்டையின் இடது பக்கத்தில் மெல்ல நுழைப்பதுபோல் காட்டினான். உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. அது அவனுடைய சிரிப்பாக இல்லை. “‘இதோ காட்டுறேன், ஆபீசர்’னு சொல்லுவான். ரொம்ப மரியாதையா. அன்னிக்கும் அதே வார்த்தை.”

“எத்தனை தடவை உங்க மேல துப்பாக்கி எடுத்தார்?”

“ஏழு.”

“நீங்க என்ன செஞ்சீங்க?”

“முதல் தடவை யோசிச்சேன். அவன் சுட்டுட்டான். நான் செத்துட்டேன்.”

சுவரோர ஹீட்டர் ஒருமுறை தட்டி ஓய்ந்தது.

“அதுக்கப்புறம் யோசிக்கலை. ஆறு தடவை நான் சுட்டேன். விழுவான். அடுத்த தடவை அதே கோட்டோட வந்து நிப்பான். கோட்டுல ஒரு ஓட்டைகூட இருக்காது.”

“கைல், வாயை மூடு” என்றார் ஸ்டாஸ்னி. “இன்னிக்கு இது போதும்.”

வராந்தாவில் அவர் அவளைப் பிடித்துக்கொண்டார். “செத்தது உங்க ஆள்னு கோபம் வேண்டாம், ஒடெசா. கைல் தூங்கி மூணு வாரம் ஆச்சு. இதையெல்லாம் எழுதிடாதீங்க.”

“நான் கறுப்புங்கிறதை இப்பதான் கவனிச்சீங்களா? ஒன்பது வருஷமா உங்க எதிர்லதான் உக்காந்திருக்கேன்.”

வெள்ளிக்கிழமை அறிக்கை கொடுக்க வேண்டும். பீவி எப்போதாவது கைல் மேல் துப்பாக்கி எடுத்திருந்தால், பயந்ததில் நியாயம் உண்டு என்று கோப்பை மூடிவிடுவார்கள். கைல் சொன்னது பொய் என்றால் கோப்பு அரசு வக்கீலிடம் போகும். அது அங்கே போக வேண்டும் என்றுதான் ஒடெசா விரும்பினாள்.

பன்னிரண்டு வருடப் பதிவுகளைத் தேடினாள். இருவரும் எங்கும் எதிர்ப்பட்டிருக்கவில்லை. பீவியின் பெயரில் ஒரு சின்ன அபராதம்கூட இல்லை. ‘பொய்’ என்று எழுதினாள். கையெழுத்துப் போடுவதற்கு முன் பீவியின் மனைவியைப் பார்க்கப் போனாள். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மரியாதையாக மிஸ் ஏர்லீன் என்று கூப்பிடுவது அவளைத்தான்.

“சாப்பிடு, கண்ணு. சர்ச்சுக்காரங்க கொண்டுவந்து குவிச்சுட்டாங்க. ஒத்தை ஆள் எத்தனை மாக்கரோனி திம்பேன்?” மிஸ் ஏர்லீன் தட்டை நகர்த்தினாள்.

“மிஸ் ஏர்லீன், அந்தப் போலீஸ்காரனை அவருக்கு முன்னாடியே தெரியுமா?”

“பேப்பர்ல படம் போட்டாங்களே, நல்லாப் பார்த்தேன். எங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச முகம் இல்லை.”

“அவர்கிட்ட துப்பாக்கி இருந்ததா?”

மிஸ் ஏர்லீன் சிரித்தாள். “அந்த மனுஷன்கிட்டயா? எலிப்பொறி வைக்கவே என்னைக் கூப்பிடுவார்.”

ஒடெசா நோட்டை மூடினாள். போதும். பொய்தான்.

“துப்பாக்கியைத் தொட்டதே அந்த ஒரு நாள்தான். அதுவும் டம்மி” என்றாள் மிஸ் ஏர்லீன். சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள். “பாவம், இது முன்னாடி நின்னு எவ்வளவு பழகினார்.” அவளுடைய வலது கை ஸ்வெட்டரின் இடது பக்கத்துக்குள் மெல்லப் போனது. உதட்டோரம் ஒரு சின்னச் சிரிப்பு. “‘இதோ காட்டுறேன், ஆபீசர்.’”

ஒடெசாவின் முட்கரண்டி தட்டின் மேலேயே நின்றது.

“எதுக்குப் பழகினார்?”

“சர்ச் நாடகத்துல நல்லா நடிக்கிறார்னு யாரோ கூட்டிட்டுப் போனாங்க. சொந்தக் கோட்டையே போட்டுட்டு வரச் சொன்னாங்க. புதுசா சேர்ற போலீஸ்காரங்க திரையைப் பார்த்துச் சுட்டுப் பழகறதுக்கு ஏழு காட்சி படம் எடுத்தாங்க, கண்ணு, ஏழுலயும் இவர் கையில துப்பாக்கி. ஒரு தடவையாவது பர்ஸ் எடுக்கறேனேன்னு கேட்டிருக்கார். அதெல்லாம் கூட நடிச்ச வெள்ளைக்காரருக்குன்னு சொல்லிட்டாங்களாம்.”