புழுவுக்கு ஆகாதது

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்டே. சின்னக் கதைதான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்திருந்தாலும் அது பொங்குவதற்குள் சொல்லிவிடுவேன்.

பால்கனியில் வைத்திருந்த மண்புழு உரத் தொட்டியின் மூடியை வசந்தா தூக்கினாள்.

மூடியின் அடியில் மண்புழுக்கள் கொத்துக் கொத்தாய்த் தொங்கின.

தொட்டியின் சுவர் முழுக்க ஏறிக்கொண்டிருந்தன. விளிம்பைத் தாண்டியவை பால்கனிக் கம்பி வழியாகக் கீழே விழுந்துகொண்டிருந்தன.

"வசந்தாக்கா! உங்க புழுவெல்லாம் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வருதுங்கோ. எலை போட்டுரட்டுங்களா?"

கீழ் வீட்டுச் சித்ராவின் குரல்.

"பாயசத்தோட போடு சாமி. இதா, வந்து அள்ளிக்கறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குனிந்ததும் சிரிப்பு நின்றது.

வாடை வேறு மாதிரி இருந்தது.

நல்ல தொட்டி என்றால் முதல் மழை விழுந்த மண்ணைப் போல மணக்கும். இது புளித்த மாவாய் அடித்தது.

ஈரம் கூடிவிட்டதோ என்று தொட்டுப் பார்த்தாள். இல்லை. பிழிந்த துணி பதம்தான். எலுமிச்சைத் தோல் ஏதும் தவறி விழுந்ததோ? அதுவும் இல்லை. அவள் போடுவதெல்லாம் காய் நறுக்கிய தோல், வாழைப்பழத் தோல், டீத்தூள். சமைத்ததைக் காட்டவே மாட்டாள். உப்பும் புளியும் எண்ணெயும் மிளகாயும் இதுகளுக்கு ஆகாது. பட்ட இடமெல்லாம் எரியும். கத்தத் தெரியாத ஜீவன்; ஓடத்தான் தெரியும்.

கையை விட்டுக் கிளறினாள்.

வெள்ளையாய் ஏதோ.

ரசம் சாதம். நேற்று மதியம் வீட்டுக்காரருக்குக் குழையப் பிசைந்து கொடுத்தது.

அதன் மேல் செய்தித்தாளைக் கிழித்து, அவள் மூடுகிற மாதிரியே பக்குவமாய் மூடியிருந்தது.

அதற்குக் கீழே இட்லி. பூஞ்சை பிடித்திருந்தது. அதற்கும் கீழே பருப்புச் சாதம், நெய்யோடு.

அடியில் சந்தகை என்கிற அரிசிச் சேவை. தேங்காய்ப்பால் விட்டது.

அது அவரே வாய்விட்டுக் கேட்டது. "சந்தவை சாப்பிடோணும்போல இருக்குது புள்ள" என்று. கேட்டுவிட்டாரே என்று அன்றைக்கு மகளுக்குப் போன் போட்டு அழுதாள், சந்தோஷத்தில்.

திரும்பிப் பார்த்தாள்.

தொட்டியை ஒட்டிப் போட்ட நாற்காலியில் அவர் கண்ணயர்ந்திருந்தார். காற்று வரும், அங்கே போடு என்று அவர் சொல்லித்தான் அங்கே போட்டது. வலது கை மடியில் கிடந்தது. நகக்கண்ணெல்லாம் கருமண்.

சாப்பாடு இறங்கி உடம்பில் தெம்பு வந்தால்தான் அடுத்த மருந்து ஏற்ற முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வேளை தவறாமல் வழித்த தட்டு வந்துகொண்டிருந்தது. அந்தத் தட்டைப் பார்த்துத்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. ஆள் இளைப்பதெல்லாம் மருந்தின் வேலை என்று நினைத்திருந்தாள்.

எழுப்பிக் கேட்கலாமா என்று வாயெடுத்தாள்.

எழுந்து வாளியை எடுத்து வந்தாள்.

கெட்டதையெல்லாம் வாளியில் அள்ளினாள். காய்ந்த தாளைக் கிழித்துப் போட்டுக் கலந்தாள். முட்டை ஓட்டை நுணுக்கித் தூவினாள். மூடியில் தொங்கியவற்றை ஈர விரலால் ஒவ்வொன்றாய் எடுத்து உள்ளே விட்டாள்.

"என்ன புள்ள பண்ற?"

விழித்துவிட்டார்.

"புழுவுக்கு வயிறு செரியில்லீங்க."

அவர் வாளியைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார்.

"நாந்தானுங்க... கைமறதியா எதையோ போட்டுட்டனாட்ட இருக்குது" என்றாள் வசந்தா.

அவர் மடியில் கிடந்த கையை மெல்லத் துண்டுக்கடியில் இழுத்துக்கொண்டார்.

மதியம் சோறு வடித்தாள்.

உப்புப் போடவில்லை. புளி கரைக்கவில்லை. தாளிக்கவில்லை. வெந்த பூசணிக்காயை வெறும் சோற்றில் போட்டு மசித்தாள். பார்வைக்குச் சாம்பார் சாதம் மாதிரி இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் மட்டும்.

மில்லில் ஃபிட்டராக இருந்தவர். உப்பு ஒரு கல் குறைந்தால் சாப்பாட்டுத் தூக்குப்போசியை அப்படியே திருப்பி அனுப்புவார். கல்யாணமான புதிதில் அதற்காகவே எத்தனையோ நாள் அழுதிருக்கிறாள்.

தட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"அடுப்புல வேலை கெடக்குதுங்க. நீங்க சாப்பிடுங்க."

அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது.

சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். காது மட்டும் பால்கனியில் இருந்தது.

ஒரு பருக்கை வாய்க்குள் போனாலும் தெரிந்துவிடும். "என்ன கருமத்தடி ஆக்கி வெச்சிருக்கற" என்று ஒரு சத்தம். தட்டு தரையில் விழுகிற ஓசை. ஏதாவது ஒன்று. வந்தால் ஓடிப்போய் உப்பைக் கொட்டிக் கலந்து கொடுத்துவிடுவாள்.

நின்றாள்.

செய்தித்தாள் கிழிபடும் சத்தம் கேட்டது.

இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தாள். தட்டு காலி. வழித்த தட்டு.

"உப்பு, காரமெல்லாம் செரியா இருந்துச்சு புள்ள" என்றார்.

"செரிங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து வீட்டுக்குப் போங்கள். உப்பில்லை, காரமில்லை என்று சத்தம் போட உங்கள் வீட்டில் ஒரு வாய் இருக்கட்டும். நெடுங்காலம் இருக்கட்டும்.