புற்றுக்குப் பால்

அவர் உட்காரவில்லை. நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

மாநிலப் போட்டியில் ஓடப்போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதயப் பரிசோதனை. பேத்தி இளவேனிலின் நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களை நர்ஸ் எடுத்துவிட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். ஈசிஜி தாளைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

"வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருக்காங்களா?"

பேத்தி முந்திக்கொண்டாள்.

"எங்க சின்னத்தை. கம்மாக்கரையில பாம்பு கடிச்சிருச்சு. வெள்ளிக்கு வெள்ளி புத்துக்குப் பால் ஊத்துவோம். எங்க தாத்தா ஊத்தலேன்னா பாம்பு குடிக்காது மேடம்."

டாக்டர் சிரித்தாள். பாம்புக்கடி இதில் சேராது என்றாள்.

அன்று கரையில் பாம்பு இல்லை.

பள்ளிக்கூடப் போட்டிக்காக ஓடிப் பழகிக்கொண்டிருந்த இளைய மகள் அவர் கண்ணெதிரே விழுந்தாள். தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். இதயக் கோளாறு, கூடப்பிறந்தவர்களையும் கூட்டி வாருங்கள் என்று டவுன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

மூத்தவளை அப்போதுதான் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நோய்க்கார வீடு என்று ஒரு வாய் சொன்னால் போதும்.

பிணம் ஊர் வந்து சேர்வதற்குள் பாம்பு கடித்திருந்தது.

பெயர் கெடவில்லை. மூத்தவளுக்குப் பெரிய இடம் அமைந்தது. முதல் வெள்ளிக்கிழமை பால் சொம்பை அவரே தூக்கினார்.

பேத்தி குனிந்து ஷூ போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் நரம்பு துடித்தது.

"பாம்பு கடிக்கலை," என்றார்.

பஞ்சாயத்தில் பேசுகிற அதே குரல். நிமிர்ந்து நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

மறு ஷூவை அவள் போடவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை.

மேல்பரிசோதனை முடியும்வரை இவள் ஓடக்கூடாது என்றாள் டாக்டர். அவருடைய மற்ற பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் உடனே வர வேண்டும். அதுவரை யாரும் ஓடியாடி விளையாட வேண்டாம்.

வராந்தாவுக்கு வந்தார்.

மூத்த மருமகனை அவராக ஒருநாளும் கூப்பிட்டதில்லை. போன் அங்கிருந்துதான் வரும். சம்பந்தி வீட்டில் அவருக்கு அப்படியொரு மரியாதை.

"மாப்பிள்ளை."

"அட, மாமா! நீங்களா? இன்னைக்கு மழைதான் போங்க."

அவர் வாய் திறப்பதற்குள் மருமகன் உற்சாகமாகக் கத்தினார்.

"உங்க பேரன் ஃபைனல் ஆடுறான் மாமா. கிரவுண்டுலதான் நிக்கிறேன். என்னமா ஓடுறான்கிறீங்க! சத்தம் கேக்குதா?"

கேட்டது.