பத்து விரல்

"ஆணி அடிக்கிற நெயில் கன் எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க?" என்று கேட்டாள் சுகன்யா.

"ஏழு வருஷங்க." நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த தணிகைக்கு ஃபேனுக்கு அடியிலேயே வியர்த்தது.

"அதோட நடக்கும்போது விரல் எங்க இருக்கும்?"

"டிரிக்கர் மேல மட்டும் இருக்காதுங்க."

"ஆணி சிக்கிக்கிச்சுன்னா?"

"மொதல்ல ஏர் பைப்பைக் கழட்டுவேன். அப்பால தான் ஆணியத் தொடுவேன்."

"பலகையைப் பிடிக்கிற கை?"

"ஆணி எறங்குற எடத்துல இருந்து ஒரு ஜாண் தள்ளி கீதுங்க."

"கண்ணாடி?"

தணிகை பெருமையாகச் சட்டைப் பையிலிருந்து பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்துக் காட்டினான். சுகன்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"இங்கேயுமா எடுத்துட்டு வந்தீங்க? சரி, கையை நீட்டுங்க."

நீட்டினான். ஒவ்வொரு விரலாக எண்ணினாள். பத்தும் இருந்தன, ஒரு தழும்புகூட இல்லை.

சுகன்யா எழுந்து, தணிகைக்குப் பின்னால் பூப்பொட்டலத்தோடு தவித்துக்கொண்டிருந்த அவன் அம்மாவிடம் போனாள்.

"தப்பா நினைக்காதீங்க. நான் கேஷுவாலிட்டி நர்ஸ். ஆணி ஏறின கையை ஆஸ்பத்திரியில பாக்குறதே போதும், வீட்டுலயும் பாக்க முடியாது."

பின்னலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"பூ வெச்சு விடுங்க, அத்தை!"