நகராத மாத்திரை

லூர்தம்மாள் வயிற்றில் ஐந்து நாளாகக் கஞ்சித் தண்ணீர்கூடத் தங்கவில்லை. ஆனால் அவள் விழுங்கியிருந்த கேமரா மாத்திரை, குடல் நலமாக இருப்பதாக மணிக்கொரு தகவல் அனுப்பிக்கொண்டிருந்தது. 'நோய்' என்று மாத்திரை சொல்லாதவரை எந்த மருத்துவமனையிலும், குழாய் விட்டுக் குடலைப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையின் கதவு திறக்காது.

"எங்க போனாலும் நல்லாத்தான் இருக்கான்னு அனுப்பிடுறாவ டாக்டர். எங்கண்ணு முன்னாலயே போயிட்டிருக்கா," என்றான் அவள் கணவன் மிக்கேல். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன்.

குடல் மருத்துவர் எழிலி அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார். கல்லாய் இறுகியிருந்தது. மாத்திரை அனுப்பிய படங்களைத் திரையில் பின்னோக்கித் தள்ளினார். இன்று, நேற்று, முந்தாநாள், எல்லாவற்றிலும் ஒரே மடிப்பு, ஒரே சிவப்புப் புள்ளி.

"மாத்திரை நகரவே இல்ல. கீழ புண்ணு வந்து குடல் சுருங்கிப்போச்சு. அங்க சிக்கிட்டு, மேல நல்லா இருக்குற இடத்தையே படம் எடுக்குது."

எண்டோஸ்கோபி அறையைத் திறக்கக் கேட்டு மூன்று முறை மனு அனுப்பினார். மூன்று முறையும் 'நோயாளி நலம்' என்றே பதில் வந்தது. லூர்தம்மாளின் நாடி தளர்ந்துகொண்டிருந்தது.

"மிக்கேல், இந்தக் கதவ உடைக்க முடியுமா?"

மிக்கேல் தோளால் இடித்த நான்காவது இடியில் கதவு சாய்ந்தது. அபாய மணி அலறியது. எழிலி வாய்வழியே நீளக் குழாயைச் செலுத்தி, சுருக்கத்தை மெல்ல விரித்து, மாத்திரையைக் கவ்வி வெளியே எடுத்தார். இறுகிக் கிடந்த வயிறு தளர்ந்தது.

நிமிர்ந்தபோது, உடைந்த கதவுக்கு வெளியே, மாத்திரை 'நலம்' என்றதால் திருப்பி அனுப்பப்பட்ட ஒன்பது பேர் வயிற்றைப் பிடித்தபடி நின்றார்கள். படிக்கட்டில் காவலர்களின் பூட்ஸ் சத்தம் கேட்டது. கதவை உடைக்கச் சொன்ன எழிலியை நாளை முதல் எந்த மருத்துவமனையும் உள்ளே விடாது.

"ரொம்ப முடியாதவங்க யாரு? சீக்கிரம் வாங்க," என்றார் எழிலி.